கிளாரிசா டிக்சன் ரைட்: அடுப்படி மீட்டுத் தந்த உயிர்

மார்ச் 15 வந்தால் எனக்குக் கிளாரிசா டிக்சன் ரைட் நினைவுக்கு வந்துவிடுவார். 2014இல் அதே நாளில்தான் எடின்பரோவில், 66 வயதில் காலமானார். பிபிசியில் 1996 முதல் 1999 வரை வந்த 'டூ ஃபேட் லேடீஸ்' சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். உடன் சமைக்கும் ஜோடி ஜெனிஃபர் பேட்டர்சன் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிளை ஓட்டுவார். பக்கத்தில் இணைத்த சின்னப் பெட்டிக்குள் தலைக்கவசத்தோடு கிளாரிசா தம் பெரிய உடம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டி நின்றதும் ஏதோ ஓர் ஊரின் சமையலறைக்குள் இருவரும் நுழைவார்கள். பிறகு வெண்ணெயும் பாலாடையும் ராஜ்ஜியம் செய்யும்.

அவரைப் பற்றிச் சொன்னால், "பாரிஸ்டருக்குப் படித்துவிட்டுச் சமைக்கவா போனார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வி என்னைக் கோபப்படுத்துகிறது. படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. அடுப்படிதான் காப்பாற்றியது.

அப்பா ஆர்தர் டிக்சன் ரைட் லண்டனில் பேர்பெற்ற அறுவை மருத்துவர். வீட்டில் குடிகாரர், மனைவியையும் பிள்ளைகளையும் அடித்தவர். மருத்துவம் படிக்க மறுத்த மகளின் சட்டப் படிப்புக்குப் பணம் தர அவர் தயாராக இல்லை. மகள் அசரவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சட்டம் படித்து, 21 வயதில் இங்கிலாந்தின் மிக இளைய பாரிஸ்டர் என்று பெயர் வாங்கினார்.

1975இல் அம்மா இறந்தார். மகளுக்கு வந்த சொத்து 28 லட்சம் பவுண்ட். அத்தனையும் குடியில் கரைந்தது. ஒரு நாளைக்கு இரண்டு பைண்ட் ஜின், அதாவது ஒரு லிட்டருக்கும் மேல், குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோனது. பிறர் வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் நிலை வந்தது. 1987இல் கென்ட் பகுதியில் இருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார்.

என் சித்தப்பா ஒருவரைக் குடி கொண்டுபோனது. வீட்டில் இன்றும் அவர் பெயரை எடுத்தால் பேச்சு மாறிவிடும். கிளாரிசா எதையும் மறைக்காமல், நாடே பார்க்கும் தொலைக்காட்சியில் "நான் குடிநோயாளி" என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சித்தப்பாதான். இப்படிப் பேச அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கக் கூடாதா?

நலம் பெற்ற பின் லண்டன் நாட்டிங் ஹில்லில் சமையல் புத்தகங்கள் மட்டுமே விற்கும் ஒரு கடையைக் கவனித்துக்கொண்டார். பிறகு எடின்பரோ கிராஸ்மார்க்கெட்டில் அதேபோல் இன்னொரு கடை. பட்ரீஷா லூவெலின் என்ற தயாரிப்பாளர் அவரையும் ஜெனிஃபரையும் சேர்த்துவைத்தபோது கிளாரிசாவுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குள் இருந்த வக்கீல் கடைசிவரை ஓயவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. கையில் கரண்டி இருக்கும், வாய் வாதாடிக்கொண்டிருக்கும். கொழுப்பைக் கண்டு நாடே அஞ்சிய காலத்தில் வெண்ணெய்க்காகவும் பன்றிக்கொழுப்புக்காகவும் வாதாடினார். கூனைப்பூவின் (ஆர்டிசோக்) உறவான கார்டூன் (cardoon) என்ற காய்கறி வழக்கொழிந்து கிடந்தது. அதற்காகவும் ஆண்டுக்கணக்கில் பேசினார். சிறு விவசாயிகளுக்காகப் பேசினார். 1998இல் அபர்டீன் பல்கலைக்கழக மாணவர்கள் அவரை ரெக்டராக, அதாவது நிர்வாகத்தில் தங்கள் குரலாக இருப்பவராக, தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். வேட்டையை அவர் ஆதரித்தது எனக்குச் சற்றும் ஏற்பில்லை. தடை வந்த பிறகும் நாய்களை ஏவி முயலைத் துரத்தும் போட்டிக்குப் போய், 2009இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அது தவறு, தவறுதான். அதற்காக அவர்மீதான பிரியத்தை விட்டுவிட என்னால் முடியவில்லை.

1999 ஆகஸ்டில் ஜெனிஃபர் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். மருத்துவமனைப் படுக்கையில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது கேவியர், உப்பிட்ட மீன் முட்டை. கிளாரிசா வாங்கியும் வைத்துவிட்டார். அதைச் சாப்பிடுவதற்குள் ஜெனிஃபரின் உயிர் பிரிந்தது. இறந்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டு அந்தச் சோற்றை நாமே உண்போமே, அப்படித்தான் இறுதிச் சடங்கு முடிந்த பின் அந்தக் கேவியரைக் கிளாரிசா சாப்பிட்டார். மிகவும் ருசியாக இருந்தது என்றும் சொன்னார்.