முக்கால்வாசிப் பேர் கூட்டத்தோடு போனார்களா?

"ஆஷ் சோதனையில் 75 சதவீதம் பேர் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதையே சொன்னார்கள், மனுஷன் ஆட்டுமந்தைதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி அண்ணே. 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்தியது அது. கோட்டின் நீளத்தை ஒப்பிடும் சின்ன வேலை. சோதிக்கப்பட்டவர் ஒருவர்தான், உடன் இருந்தவர்கள் எல்லாரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லிவைத்த ஏற்பாட்டு ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். அந்த 75, ஒரு தடவையாவது வழுக்கியவர்களின் கணக்கு. அந்த 12 சுற்றுப் பதில்களில் கூட்டத்தோடு போனவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கால்வாசிப் பேர் கடைசிவரை அசையவே இல்லை.

அப்புறம், நீங்கள் விட்டுவிட்ட பாதி: ஏற்பாட்டு ஆட்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே தப்புப் பதில்கள் மளமளவென்று குறைந்தன. போன ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் இதையேதான் பார்த்தேன். சட்டைக் குவியலைச் சுற்றி அவ்வளவு கூட்டம், நானும் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஓர் அம்மா காலர் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து, நீலமான விரலைக் காட்டி, "சாயம் போவுதுப்பா" என்றார். அடுத்த நிமிடம் நாலு பேர் சட்டையைக் குவியலிலேயே போட்டுவிட்டார்கள். நான் ஐந்தாவது ஆள்.