ஒதுக்கியது சரி, செலவானது எவ்வளவு?

வளரும் நாடுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் தொகை கூடிவருவதை நல்ல செய்தியாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் பட்ஜெட்டில் எழுதிய தொகை வேறு, ஆண்டு முடிவில் உண்மையில் செலவானது வேறு. நிதி தாமதமாக வந்தால் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகக் கொள்முதல் நடக்கும். மீதி திரும்பிப் போகும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் ஒதுக்கீட்டின் 'உயர்வு' பல நேரம் காணாமலே போய்விடும்.

வாக்குறுதிகளுக்கும் குறைவில்லை. 2001-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவே இல்லை. இந்தியாவின் 2017 சுகாதாரக் கொள்கையும் 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்றது.

அப்புறம், பணம் எதற்குப் போகிறது? கட்டடம் திறந்தால் ரிப்பன் வெட்டலாம், படம் வரும். செவிலியர் சம்பளத்துக்கு ரிப்பன் கிடையாது. அதனால்தான் இயக்க ஆள் இல்லாத ஸ்கேன் கருவி உறை பிரிக்காமல் கிடக்கிறது. மருத்துவமனையில் மருந்து இல்லாமல் நோயாளி மாத்திரைச் சீட்டோடு வெளியே மருந்துக்கடைக்குப் போகிறார். ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதில் இந்த மருந்துச் செலவுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் ஆளும் வசதியும் வேண்டும் என்பதற்குத் தாய்லாந்து உதாரணம். அங்கே 2002-இல் 30 பாட் திட்டம் (ஒரு முறை சிகிச்சைக்கு அந்நாட்டுப் பணத்தில் 30 பாட் மட்டும் கட்டும் திட்டம்) வந்தபோது, மாவட்ட மருத்துவமனைகளும் கிராமப் பணிக்கான மருத்துவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். கட்டுரையாளர் அடுத்த முறை ஒதுக்கீட்டுக்குப் பக்கத்திலேயே தணிக்கையான செலவுக் கணக்கையும் போடட்டும்.