24 அடியா 30 அடியா? கரையைக் கேளுங்கள்

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு அதன் பெயரைச் சொல்லி இன்னும் நாலு பார்வை சேர்த்துவிட எனக்கு மனமில்லை. இரண்டு உடலை மேலே ஒரு தளத்தால் இணைத்த இரட்டை உடல் மீன்பிடிப் படகு வாங்குகிறவன், கொஞ்சம் கூடப் போட்டு 24 அடிக்குப் பதில் 30 அடியே வாங்க வேண்டும் என்பதுதான் அதில் பேசுகிறவரின் வாதம். "24 அடி இரட்டை உடல் படகு வாங்குகிறவன் கடலுக்கும் பயந்தவன், கடனுக்கும் பயந்தவன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்ன இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தம்பி 24 அடிக்கு முன்பணம் கட்டப் போகிற வாரம் பார்த்து அவன் போனுக்கு அதை ஆள் மாற்றி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள்தான். வேறு யாருக்கு அவ்வளவு அக்கறை?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். படகின் நீளத்தைத் தீர்மானிப்பது கரை. துறைமுகத்தில் கட்டிப்போடுகிறவன் 30 அல்ல, 40 அடி கூட வாங்கட்டும், எனக்கு என்ன? கன்னியாகுமரி மாவட்டத்தில் கொளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே எங்கள் ஊர் மாதிரி வெறும் மணல் கரை உள்ள ஊர்க்காரன், தினமும் தள்ளி இறக்கி தினமும் இழுத்து ஏற்றுகிறவன், மணலிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். படகு கட்டுகிற யார்டுக்குத் தம்பியோடு நானும் போனேன். ரெசின் வாடையில் தலை வலித்தது. இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கட்டுகிறவர் எஞ்சின், பெயின்ட் என்று பேசிக்கொண்டே இருக்க, தம்பி முட்டி போட்டு 24 அடிப் படகின் அடியில் குனிந்தான். இரண்டு உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் போக வேண்டும். அதன் மேல்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கையை நீட்டி அளந்தான். அடுத்து 30 அடிக்குப் போய் அதே கையால் அளந்தான். அதில் உயரம் அதிகம், சந்தேகமே இல்லை. பாரம் ஏறினால் படகு தாழும், தாழ்ந்தால் அந்தத் தளத்தின் அடியில் அலை வந்து தடதடவென்று அறையும். இரட்டை உடல் படகு பாரத்தைப் பொறுக்காது என்பார்கள், அது உண்மைதான். ஐஸ் பெட்டி, வலை, ஆள், எண்ணெய் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவன் சின்னதைக் கேட்டான்.

"அப்படியானால் பெரியது நல்லதுதானே?" என்று வருவீர்கள். ஆமாம், பெரியது அலையில் நன்றாகப் போகும். நீளம் கூடினால் ஒரு அலையிலிருந்து அடுத்த அலைக்குத் தாவாமல் மிதந்து போகும். மீனும் அதிகம் ஏற்றலாம். ஒத்துக்கொண்டேன். போதுமா?

இப்போது நீங்கள் இதை ஒத்துக்கொள்ளுங்கள். 24க்கும் 30க்கும் வித்தியாசம் ஆறு அடி மட்டும் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே விகிதத்தில் கூடினால் படகின் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. எட்டாம் வகுப்புப் பையன் போட்டுக் காட்டுவான், நான் தினமும் அந்தப் பையன்களோடுதான் இருக்கிறேன். எடை அப்படியே இரண்டு மடங்கு ஆகாது, ஆனால் தள்ளுகிறவனுக்குப் பயப்படும் அளவுக்குக் கூடும். அதிலும் இது இரட்டை உடல். ஒற்றை உடல் உள்ள வள்ளம் மாதிரி மணலில் ஒரு பக்கமாகச் சாயாது, நிமிர்ந்து உட்காரும், நல்ல விஷயம். ஆனால் உரசுவது இரண்டு அடிப்பாகம். பலகையும் உருளையும் இரண்டு வரிசை போட வேண்டும். ஒரு பக்கம் மணலில் புதைந்தால் படகு திரும்பிக்கொண்டு அலைக்குக் குறுக்கே நிற்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் யாராவது நின்றால் என்ன ஆகும் என்று காணொளியில் சொல்லவில்லை. அதில் படகு ஒரு தடவை கூட மணலைத் தொடவே இல்லையே!

தம்பி சொன்னதை அப்படியே போடுகிறேன். "அக்கா, கடலுல கெடக்கும்போ பெருசு வேணும்னுதான் தோணும். கரை கண்டா சிறுசு போதும்னு தோணும். தெனமும் கரைக்கு வந்துதானே ஆவணும்."

கரை என்று நான் சொல்வதும் நீங்கள் கோடைவிடுமுறையில் வந்து போட்டோ எடுக்கிற கரை இல்லை. நம் மாவட்டத்தில் கிழக்குப் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்கில் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த ஆனி ஆடியில்தான் எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்களுக்கு மீனுக்கு விலை கிடைக்கும். அதே ஆனி ஆடியில்தான் கடல் ஏறி வந்து மணலை அரித்துக்கொண்டு போகும். இருக்கிற கரை பாதியாகும், மிச்சக் கரை சுவர் மாதிரி செங்குத்தாகும். சம்பாதிக்கிற மாதமும் படகை ஏற்ற முடியாத மாதமும் ஒன்றே. இதில் 30 அடியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, கோயில் முற்றத்திலா? கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டுகிற தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு நரைத்துவிட்டது.

அப்புறம் ஆள். நாலு பேர் இருந்தால் 24 அடி கடலுக்குப் போகும். 30 அடிக்கு அதற்கு மேல் வேண்டும், தள்ளுவதற்கு இன்னும் வேண்டும். ஊரில் ஆள் எங்கே? கொரோனா வந்தபோது 2020ல் ஈரானில் மாட்டிக்கொண்டு "எங்களைக் கொண்டு போங்கள்" என்று வீடியோ போட்டவர்களில் நம் மாவட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அடுத்தவன் படகில் கூலிக்குப் போனவர்கள் அவர்கள். பெரிய படகு வாங்கினால் ஆள் தானாக வருவான் என்பது, பெரிய மண்டபம் பிடித்துவிட்டால் மாப்பிள்ளை தானாக வருவான் என்கிற கணக்கு. எண்ணெய்ச் செலவைக் கழித்து, படகுக்கும் எஞ்சினுக்கும் பங்கு ஒதுக்கி, மிச்சத்தை நாலு பேர் பிரிப்பதற்கும் எட்டுப் பேர் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வீட்டு அடுப்பில் தெரியும். இரண்டு உடலுக்கு வழக்கமாக இரண்டு எஞ்சின் வைப்பார்கள். பெரியதற்கு இரண்டும் பெரியது. மீன் கிடைக்காத நாளிலும் எண்ணெய் குடிக்கும்.

"ஒக்கி புயலை மறந்துவிட்டீர்களா, சின்னப் படகில் போனவர்கள் கதி என்ன?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். மறக்கிற ஊரில் நாங்கள் இல்லை அண்ணா. 2017 நவம்பர் 30 எங்கள் ஊர்க் குருசடியில், சிலுவை வைத்த அந்தச் சின்னக் கோயிலில், இன்னும் எழுதியிருக்கிறது. அன்று வள்ளத்தில் போனவர்களும் வரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் பல நாள் தங்கலுக்குப் போன பெரிய விசைப்படகுக்காரர்களும் வரவில்லை. எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம். அதைப் படகின் அடிக்கணக்காக்கிச் செத்தவர்கள் தலையிலேயே கட்டாதீர்கள். கரையோரத்திலேயே தேங்காய்ப்பட்டணம் முகத்துவார மணல்திட்டில் கவிழ்ந்து இறந்தவர்களை எந்த அடிக்கணக்கில் சேர்ப்பீர்கள்?

"துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமே, மேற்கே கொளச்சல், கிழக்கே முட்டம்." இதுதான் எல்லோருக்கும் எளிதாக வருகிற யோசனை. நிறுத்தலாம். மீனும் அங்கேதான் இறங்கும். எங்கள் கரையில் ஏலத்துக்கு நிற்கிற பெண்கள் எங்கே போவார்கள்? என் அம்மா அப்படித்தான் நின்றாள். கரையில் படகு வந்ததும் ஏலம் எடுத்து, சருவம் என்கிற அகன்ற பாத்திரத்தில் சாளையும் நெத்தோலியும் ஏற்றித் தலையில் வைத்து, இரணியல் பக்கம் வீடு வீடாகப் போய் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். துறைமுகத்தில் லாரி வைத்துக் காத்திருக்கிற வியாபாரியோடு ஒரு சருவக்காரி ஏலம் கேட்க முடியுமா? ஒரு படகு எங்கள் கரையைவிட்டுப் போனால் அதோடு நாலைந்து பெண்களின் பிழைப்பும் போகிறது. இதை அந்தக் காணொளிக்காரர் கணக்கில் எங்கே எழுதியிருக்கிறார்? "கொஞ்சம் கூடப் போட்டால் போதும்" என்கிறார். அந்தக் "கொஞ்சம்" யார் வீட்டிலிருந்து வருகிறது?

இதற்குக் கீழே "டீச்சருக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்?" என்று வரும். போன பதிவிலும் வந்தது, வைத்திருக்கிறேன். கடலுக்குப் போனதில்லைதான். எங்கள் பக்கம் பெண்களை யார் கூட்டிப் போகிறார்கள்? ஆனால் கடன் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கப் போகிறது, என் வளையல்தான் முதலில் அடகுக்குப் போகிறது, தவணை தவறினால் போன் எனக்குத்தான் வரும். வட்டி கட்டுகிறவளுக்குப் பேச உரிமை இல்லை, ஏசி அறையில் இருந்து வீடியோ போடுகிறவருக்கு உண்டா?

என் தம்பி பயந்தவன் இல்லை. காய்ச்சலோடு அதிகாலையில் எழுந்து போகிறவன். அவனைப் பயந்தவன் என்று சொன்ன வீடியோவுக்குக் கைதட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில் வந்து சாயா குடித்த மாமாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயாவில் சீனி கொஞ்சம் குறைத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

"அக்கா, நடுவில் 27 அடி இருக்கிறதே" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: பார்த்தோம். அதற்கும் 30க்குச் சொன்ன அதே எஞ்சினைத்தான் சொல்கிறார்கள், விலையும் 30 பக்கம்தான் சாய்கிறது. வேண்டாம் என்றாகிவிட்டது. 24க்கு முன்பணம் திங்கட்கிழமை கட்டுகிறோம்.