சைகை மொழி என்பது கையால் பேசும் ஆங்கிலம் அல்ல

அமெரிக்காவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற வாரம் பள்ளியிலிருந்து ஓர் அட்டை கொண்டுவந்தாள். அதில் இருபது சைகைப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆங்கிலச் சொல். 'வாட் இஸ் யுவர் நேம்' என்று கேட்டுக் காட்டியபோது, ஆங்கிலச் சொல் வரிசை பிசகாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகையாக அடுக்கினாள். 'இஸ்' என்பதற்கும் ஒரு சைகை இருந்தது. முகத்தில் அசைவே இல்லை.

ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கல்வியாளர்கள் உருவாக்கிய அத்தகைய முறைகள் உண்டு. காது கேளாதவர்கள் தமக்குள் பேசும் அமெரிக்கச் சைகை மொழி அதுவன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏழு வயதுக்கு எட்டாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மொழியில் அதே கேள்வி பெரும்பாலும் 'உன், பெயர், என்ன' என்ற வரிசையில் வரும். தமிழும் அப்படித்தான் கேட்கிறது, நமக்கும் 'இஸ்' தேவைப்படுவதில்லை என்று சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

முகத்தைத்தான் அந்த அட்டை அடியோடு விட்டுவிட்டது. 'என்ன', 'எங்கே' என்று கேட்கையில் புருவம் சுருங்க வேண்டும். ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். ஆங்கிலத்தில் குரலின் ஏற்றமும் சொற்களின் இடமாற்றமும் செய்யும் வேலையை இங்கே முகம் செய்கிறது என்பதால், அது உணர்ச்சிக்கான அலங்காரம் அன்று, இலக்கணம். அதுபோலவே 'கொடு' என்னும் சைகை என்னிடமிருந்து உன்னை நோக்கி நகர்ந்தால் நான் உனக்குக் கொடுக்கிறேன், திசை மாறினால் நீ எனக்குக் கொடுக்கிறாய். ஆங்கிலத்துக்கு மூன்று சொற்கள் வேண்டிய இடத்தில் ஒரே வீச்சு போதும்.

ஐந்து விரல்களையும் விரித்துக் கட்டைவிரலால் மோவாயைத் தொட்டால் அம்மா, நெற்றியைத் தொட்டால் அப்பா. 'கல்', 'பல்' என்பவற்றில் ஓர் ஒலி மாறியதும் பொருள் மாறுவதைப் போல, இங்கே இடம் மாறியதும் பொருள் மாறுகிறது. காது கேளாதோருக்கான கலாடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி, சைகைகள் கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளால் ஆனவை என்று 1960-இல் எழுதினார்; அதற்கு முன் கற்றறிந்தவர்களே சைகை மொழியை வெறும் அபிநயமாகக் கருதியிருந்தார்கள்.

வரலாற்றையும் குழந்தைகளிடம் சொல்லலாம். 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்குப் பிரான்ஸிலிருந்து வந்த லோரான் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியரின் வழியாக, அமெரிக்கச் சைகை மொழிக்குப் பிரெஞ்சுச் சைகை மொழியோடு உறவு ஏற்பட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசினாலும், பிரிட்டிஷ் சைகை மொழி இதிலிருந்து முற்றிலும் வேறு. ஆங்கில எழுத்துகளைக்கூட அங்கே இரு கைகளாலும் இங்கே ஒரு கையாலும் காட்டுகிறார்கள். ஒரே ஆங்கிலத்துக்கு இரண்டு சைகை மொழிகள் எப்படி வந்தன என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அந்த அட்டையின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும்.

இதையெல்லாம் கற்பிக்க அம்மொழியிலேயே வளர்ந்த ஒருவரை மாதம் ஒருமுறையாவது வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். நான் புத்தகத்தில் படித்துச் சொல்வது அரைகுறைதான். நேற்றிரவு மகள் 'கொடு' என்பதை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்துக் காட்டி இன்னொரு தோசை தருவாயா என்று கேட்டாள். புருவத்தை உயர்த்தத்தான் மறந்துவிட்டாள்.