கோடீஸ்வரர் என்ற சொல் போதவில்லை

செய்தி மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. பதினைந்து வருடமாக 'பில்லியனர்', அதாவது 100 கோடி டாலருக்குக் குறையாத சொத்துள்ளவர், என்று வந்தால் யோசிக்காமல் 'கோடீஸ்வரர்' என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். போன வாரம் அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். இருபது வருடம் தவணை கட்டிய வீடு, இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல் போகும். சொல்லின் பொருள்படி அவர் கோடீஸ்வரர். முகேஷ் அம்பானியும் கோடீஸ்வரர்.

2024 ஃபோர்ப்ஸ் பட்டியலில் அம்பானியின் சொத்து 116 பில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் 9 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நொடிக்கு ஒரு ரூபாய் வீதம் எடுத்து வைத்தால் ஒரு கோடி சேர 116 நாள் ஆகும். 9 லட்சம் கோடி சேர இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது மொழிபெயர்ப்பே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அகராதிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அந்தக் காலத்தில் கோடி என்பது கண்ணுக்கு எட்டாத தொகை. கோடிக்கு முனை, எல்லை என்றும் பொருள் உண்டு. தெருக்கோடி என்கிறோமே, அதுதான். எண்ணிக்கை போய் முடிகிற இடத்தில் ஈஸ்வரனைச் சேர்த்து ஒரு சொல் செய்தார்கள். சொல் அங்கேயே நிற்கிறது, பணம் எங்கேயோ போய்விட்டது.

தமிழுக்குப் பெரிய எண் புதிதும் இல்லை. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பரிபாடல் பேரெண்களை அடுக்குகிறது. பூக்களின் பெயரையே எண்ணாக்கிய மொழி இது.

தொகை மட்டும் என்றால் கூட விட்டுவிடலாம். பழைய சொற்களில் பணம் வந்த வழியும் தெரியும். மிராசுதார் என்றால் நிலம், ஜமீன்தார் என்றால் வரி வசூல், லேவாதேவிக்காரர் என்றால் வட்டி. கேட்டவுடன் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்று ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. கோடீஸ்வரர் அதைச் சொல்வதில்லை. அப்புறம், அந்த 'ஈஸ்வரர்' எனக்கு உறுத்துகிறது. ஒருவர் சொத்தைச் சொல்லும்போதே கும்பிடும் போட்டுவிடுகிறோம்.

செல்வாக்கு என்ற சொல்லைப் பாருங்கள். செல்லுகிற வாக்கு, சொன்னால் எடுபடுகிற சொல். ஓர் அளவுவரை பணம் வீடாகும், படிப்பாகும், மருத்துவமாகும். அதற்கு மேல் அதைச் செலவழித்துத் தீர்க்க ஆயுள் போதாது. அங்கிருந்து அது வாக்காக மாறுகிறது: எந்தச் செய்தி வரும், எந்த நிலம் கைமாறும், எந்தச் சட்டம் தள்ளிப்போகும் என்பதில் பேசத் தொடங்குகிறது. என் மாடிவீட்டுக்காரருக்கு வார்டு கவுன்சிலரைப் பார்க்கவே நாலு நடை ஆகிறது. இந்த வேறுபாடுதான் அகராதியில் ஏற வேண்டும் என்கிறேன். கோடீஸ்வரர் என்பதற்கு 'மிகுந்த பணம் உடையவர்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பொருள் வெளியே நிற்கிறது.

பொருளை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் பில்லியன் என்றால் லட்சம் கோடியாக இருந்தது. 1974-இல் அரசே அமெரிக்க வழக்குக்கு, அதாவது 100 கோடிக்கு, மாறியது.

சரி, புதுச் சொல் கிடைக்கும்வரை நான் ஒன்று செய்கிறேன். கோடீஸ்வரர் என்று போடுவதில்லை. 'இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் சொத்துள்ளவர்' என்று தொகையையே எழுதுகிறேன். தலைப்பு நீள்கிறது, ஆசிரியர் குழுவில் முணுமுணுக்கிறார்கள். 'ஆயிரங்கோடியர்', 'லட்சங்கோடியர்' என்று இரண்டு சொல் மனதில் இருக்கிறது. வாயில் சரியாக வருகிறதா என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.