இறுக்கிக் கட்டினால் காலை எடுக்க வேண்டிவருமா?

‘விபத்தில் ரத்தம் கொட்டினாலும் கை, காலை இறுக்கிக் கட்டாதீர்கள், கட்டினால் உறுப்பையே வெட்டி எடுக்க நேரிடும்’ என்ற வாட்ஸ்அப் செய்தி தவறானது, உயிரைப் பறிக்கக்கூடியது.

2006இல் பாக்தாத் போர்க்கள மருத்துவமனையில் டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப்பட்டை போடப்பட்ட 232 பேரை அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பட்டை போட்டதால் மட்டும் ஒருவரும் கையையோ காலையோ இழக்கவில்லை. ரத்த இழப்பால் உடல் செயலிழக்கத் தொடங்கும் அதிர்ச்சிநிலைக்குப் போகும் முன்பே பட்டை போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள்; அதற்குப் பிறகு போடப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை மருத்துவ ஆய்வுகளில் அரிதாகவே பார்க்க முடியும்.

பெரும்பாலான காயங்களுக்குத் துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே போதும். அதற்கும் நிற்காமல் ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேற்புறம், அதாவது காயத்துக்கும் உடலுக்கும் இடையில், மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை அகலமான பட்டையை இறுக்க வேண்டும். மெல்லிய கயிறு கூடாது, அது சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். சுமார் இரண்டு மணி நேரம்வரை ஆபத்து குறைவு. இடையில் தளர்த்தித் தளர்த்திக் கட்டுவதுதான் கெடுதல்.

பாம்புக்கடிக்கு மட்டும் இப்படி இறுக்கிக் கட்டவே கூடாது. அது வேறு விஷயம்.