ஆடிஷன்: ஊசிக்கு முந்தைய ஒரு மணி நேரம்

ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேயின் 'ஆடிஷன்' (1999) என்ற திகில் படம் பற்றி யார் பேசினாலும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் போய் நிற்கிறார்கள். ஊசி, அறுக்கும் கம்பி, துண்டாகும் பாதம், ராட்டர்டாம் திரைப்பட விழாவில் பாதியில் எழுந்து போனவர்கள் பற்றிய கதைகள். எனக்கு அதைவிட, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் பயங்கரம். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை, குரலைக்கூட உயர்த்துவதில்லை. நல்ல மனிதர்கள் நாகரிகமாகப் பேசிக்கொண்டே ஒரு அயோக்கியத்தனத்தைச் செய்கிறார்கள். (கதை முழுவதையும் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

அவோயாமா ஒரு வீடியோ தயாரிப்பு நிறுவனம் நடத்துபவன். படம் தொடங்கும்போதே மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துவிடுகிறாள். ஏழு வருடம் கழித்து, வளர்ந்துவிட்ட மகன், அப்பாவுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளட்டுமே என்கிறான். சினிமாத் தயாரிப்பாளனான நண்பன் யோஷிகாவாவிடம் போகிறது பேச்சு. இருவரும் மது அருந்தும் இடத்தில் சில பெண்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் சரியில்லை என்று யோஷிகாவா சலித்துக்கொள்கிறான். எந்த ஊர் ஆணும் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்கக்கூடிய அலுப்புதான். அந்த அலுப்பிலிருந்துதான் யோசனை பிறக்கிறது. ஒரு படத்துக்குக் கதாநாயகி தேவை என்று அறிவிப்போம், வருகிற பெண்களில் உனக்குப் பிடித்தவளைப் பார்த்துக்கொள். பாட்டு, பியானோ, பாலே என்று ஏதாவது ஒன்றை முறையாகக் கற்றவளாக இருந்தால் நல்லது என்பது மாப்பிள்ளையின் நிபந்தனை.

ஜப்பானில் ஒமியாய் என்றொரு வழக்கம் உண்டு. நம்மூர் பெண் பார்க்கும் படலத்துக்குப் பங்காளி. படமும் விவரக்குறிப்பும் கைமாறும், நடுவில் ஒருவர் இருந்து சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார். 1960களின் கடைசியில் காதல் திருமணங்கள் அதை முந்திவிட்டன. ஒமியாயில் எத்தனை சங்கடம் இருந்தாலும், வந்திருப்பது கல்யாணப் பேச்சுக்கு என்பது பெண்ணுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் சொல்ல ஒரு வழியும் உண்டு. அவோயாமா அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிடுகிறான். நாற்காலியில் உட்காரும் பெண்கள் ஒரு வேடத்துக்காக வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மீகேயின் தந்திரம் என்னவென்றால், இந்தத் தேர்வுக் காட்சியை நகைச்சுவையாக எடுத்திருப்பதுதான். துள்ளலான இசை, ஒருத்தி மாற்றி ஒருத்தி, யோஷிகாவாவின் அசட்டுக் கேள்விகள். நாமும் சிரிக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது நாற்காலி போட்டு நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார். அவோயாமா மட்டும் வாய் திறப்பதில்லை, வெள்ளை உடையில் அசாமி வந்து உட்காரும்வரை. அவளை அவன் ஏற்கெனவே தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இடுப்பில் அடிபட்டு பாலேவைக் கைவிட நேர்ந்ததை, மரணத்தை ஏற்றுக்கொள்வதோடு ஒப்பிட்டு அவள் எழுதிய கடிதம் போதுமானதாக இருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு அந்த வரிகள் தனக்காகவே எழுதப்பட்டதுபோலத் தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின்மேல் காதல் வந்துவிடுகிறது. எழுதியவள் யார் என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

தனக்குத் தெரிந்தவர் என்று அசாமி குறிப்பிட்ட ஆள் காணாமல் போயிருக்கிறார், ஏதோ சரியில்லை என்று யோஷிகாவா எச்சரிக்கிறான். சரி, சில நாள் போன் செய்யாமல் இருப்போம் என்று அவோயாமா தள்ளிப்போடுகிறான். அப்போதுதான் எல்லோரும் சொல்லும் அந்தக் காட்சி. வெறும் அறை, ஒரு போன், ஒரு மூட்டை. தலைமுடி முகத்தை மறைக்க, தரையில் தலைகுனிந்து அவள் காத்திருக்கிறாள். மணி அடிக்கிறது, மூட்டை துள்ளுகிறது, அவள் உதட்டில் சிரிப்பு. ஆனால் அதே நாட்களில் இந்தப் பக்கம் அவனும் அவளைத் தவிர வேறெதையும் நினைக்காமல்தான் இருக்கிறான். அவனுக்கு அலுவலக வெளிச்சம், அவளுக்கு இருட்டறை. ஒன்றுக்குக் காதல் என்றும் இன்னொன்றுக்குப் பைத்தியம் என்றும் பெயர் வைத்துவிடுகிறோம்.

அதற்காக, ஆண்களைப் பழிவாங்க வந்தவள் அசாமி என்று எழுதுகிறார்களே, அதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பொய்த் தேர்வு நடத்தியதற்காக மட்டும் அவள் ஊசி எடுக்கவில்லை. என்னை மட்டும் நேசி என்று கடலோர விடுதியில் வாக்குக் கேட்டிருந்தாள். செத்துப்போன மனைவியின் படம் வீட்டில் இருப்பதும், மகன்மேல் பாசம் இருப்பதும் அவளுக்குத் துரோகம். வீட்டு நாயைக்கூட விடுவதில்லை. அவன் தேடியதும் தனக்கென்று வடிவமைத்த ஒருத்தியை, அவள் கேட்பதும் தனக்கென்று மட்டுமே உள்ள ஒருவனை. இதில் யார் யாரைப் பழிவாங்குவது?

என்னை உலுக்கிய இடம் வேறு. மயக்க மருந்து ஏறியபின், முன்பு பார்த்த அதே உணவகச் சந்திப்பு மறுபடி ஓடுகிறது. இந்த முறை அவள் வேறு கதை சொல்கிறாள், சிறுவயதில் பட்ட சித்திரவதைகளை. நிஜத்தில் அவள் சொல்லி இவன் காதில் விழவில்லையா, சொல்லவே இல்லையா என்று படம் விளக்குவதில்லை. ரியூ முரகாமியின் 1997ஆம் ஆண்டு நாவலைத் திரைக்கதையாக்கிய தைசுகே தெங்கானுக்கு இந்த இடத்துக்காக மட்டுமே ஒரு வணக்கம்.

குறை இல்லாமல் இல்லை. படம் வந்த அதே 1999இல், அக்டோபரில், சைதாமா மாநிலத்து ஒகேகாவா ரயில் நிலையத்துக்கு வெளியே பட்டப்பகலில் ஒரு கல்லூரி மாணவி கொல்லப்பட்டாள். பின்னால் இருந்தது, பிரிந்த பிறகும் விடாமல் துரத்திய முன்னாள் காதலனின் தரப்பு. குடும்பம் போலீஸில் முறையிட்டும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. பின்தொடர்ந்து துன்புறுத்துவோருக்கு எதிரான சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், கருங்கூந்தலும் வெண்ணிற உடையுமாக ஒரு பெண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது ஆண்களின் கெட்ட கனவுக்குத் தீனி போடுகிற வேலைதான். அசாமியாக வரும் எய்ஹி ஷீனாவின் நிதானமான நடிப்பு இல்லையென்றால் இது வெறும் மோகினிக் கதையாகச் சரிந்திருக்கும்.

2024இல் டோக்கியோ பெருநகர அரசே துணை தேடும் செயலி ஒன்றைத் தொடங்கியது. தனி ஆள் என்பதற்கும் வருமானத்துக்கும் சான்று கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அவோயாமா அதில் சுலபமாகத் தேறியிருப்பான். மனைவியை இழந்தவன், சொந்தத் தொழில், கண்ணியமான பேச்சு.

கடைசியாக, விடுதி அறையில் அவன் திடுக்கிட்டு விழிக்கும் அந்த நிமிடம். இடது பாதம் போய்விட்டது, மகன் வீட்டுக்கு வந்துவிட்டான், அசாமி மகன்மேல் பாய்கிறாள். சட்டென்று வெட்டு. அருகில் அசாமி சாந்தமாக இருக்கிறாள், கல்யாணத்துக்குச் சம்மதம் என்கிறாள். நமக்கும் மூச்சு வருகிறது. பிறகு மறுபடி அதே வீட்டுக்கு இழுத்துப்போகிறார் மீகே. இதை வைத்து, விடுதிக்குப் பிறகு நடப்பது எல்லாமே அவனுடைய குற்ற உணர்ச்சி கண்ட கனவு என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். மூட்டை துள்ளியது விடுதிக்குப் போவதற்கு எவ்வளவோ முன்னால். அப்போது அவோயாமா நன்றாக விழித்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருக்கிறான். அந்த அறையை நமக்குக் காட்டியது யாருடைய கனவு?